பதினொன்று போதாது

வேறு ஊரை வைத்து ஆடியிருக்கலாம்.
கண்ணாடிக் கோபுரங்கள் வரிசை கட்டிய
ஏதோவொரு கற்பனை நகரம்.
இடிந்தால் ஏனென்று கேட்க ஆளிருக்காது.
டுலூத்தையே களமாக்குவோம் என்றது நான்தான்.
பன்னிரண்டு வருடமாய் இங்கே பேருந்து ஓட்டுகிறேன்.
ஜனவரியில் எந்த மேட்டில் சக்கரம் வழுக்கும்,
எந்த நிறுத்தத்தில் யார் சில்லறை எண்ணியபடி நிற்பார்கள்,
அத்துப்படி.
கட்டத்தாளில் ஏரியை வரைந்தேன்.
நீலப் பென்சில் தீர்ந்துபோய்
கடைசி மூலைக்குப் பச்சை அடித்தேன்.

வியாழன் இரவுகள். கோர்லிஸின் கராஜ்.
ஹீட்டரை ஒட்டிய நாற்காலிக்குத் தினம் சண்டை.
ஜெரோம் புகையிட்ட மீன் கொண்டுவருவான்,
பகடையெல்லாம் மீன் வாசம்.
அவனுடைய சூப்பர் ஹீரோ மூடுபனியாய் மாறக்கூடியவன்.
“இந்த ஊர்ல அதெல்லாம் ஒரு சக்தியா?” என்றாள் கோர்லிஸ்.
“மே மாசம் முழுக்க நாம எல்லாருமே அப்படித்தானே.”

வெண்ட்லாவுக்கு நிஜத்திலேயே தூக்குப் பாலத்தில் வேலை.
கப்பல் வந்தால் பாலத்தை ஏற்றுவாள்,
கீழே காரில் காத்திருப்பவர்களின் வசவையெல்லாம்
கண்ணாடி அறையிலிருந்து வாங்கிக்கொள்வாள்.
என் வில்லன் அதை ஒற்றைக் கையால் பிடுங்கியபோது
சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள்.
“முதல்ல சங்கு ஊதணும்.”
“அவன் வில்லன், வெண்ட்லா.”
“யாரா இருந்தாலும்.”
ஊதினான்.
இத்தனை ஒழுங்காய் ஊரை அழித்த வில்லன்
வேறெங்கும் இருக்கமாட்டான்.

வங்கியை மூன்று முறை இடித்தோம்.
என் மேலதிகாரியின் புதுக் காரின் மேல்
வாரம் தவறாமல் ஏதாவது விழுந்தது.
பகலில் வண்டி ஓட்டும்போதும்
விளக்குக்கம்பம் ஒவ்வொன்றுக்கும்
பிடுங்க எத்தனை பலம் வேண்டுமென்று
மனசு கணக்குப் போட்டது.

பிப்ரவரியில் ஒரு வியாழன்.
உறைந்த ஏரியைப் பாளமாய்ப் பெயர்த்து
மேட்டை நோக்கி வீசினான் வில்லன்.
நான்காம் தெரு. செங்கல் கட்டடம். நாலு மாடி.
விரல் போய் நின்ற இடம், அவ்வளவுதான்.
கோர்லிஸின் நாயகி பறந்துபோய்த் தடுக்க
பதினைந்து விழ வேண்டும்.
பகடை உருண்டு மீன்தட்டில் முட்டி நின்றது.
பதினொன்று.

“மூணாம் மாடி என்னோடது,” என்றான் ஜெரோம்.

ஹீட்டர் மட்டும் முணுமுணுத்தது.
விவாகரத்துக்குப் பிறகு எங்கோ இருக்கிறான் என்று தெரியும்.
எங்கே என்று கேட்டதில்லை.
ஊரில் எல்லா முகவரியும் தெரிந்தவன் நான்.
“வீட்டில் யார் இருக்கிறார்கள்?” என்றேன்
ஆட்டம் நடத்துகிறவனின் குரலில்.
எனக்கே அந்தக் குரல் பிடிக்கவில்லை.
“பூனை.”
கொஞ்சம் பொறுத்து,
“ஞாயிறுன்னா பொண்ணும்.”
“இன்னிக்கு வியாழன்,” வெண்ட்லா முந்திக்கொண்டாள்.
“ஆட்டத்துல என்ன கிழமை?”

செங்கல் சுவருக்கு எத்தனை புள்ளி என்று
விதிப்புத்தகத்தில் இருக்கிறது.
கிழமை இல்லை.

வெண்ட்லா பகடையை எடுத்துப் பைக்குள் போட்டாள்.
“கப்பல் வருது. நான் போகணும்.”
பிப்ரவரியில் ஏது கப்பல்?
ஏரி பூட்டிக் கிடக்கிறது, நால்வருக்கும் தெரியும்.
நால்வரும் எழுந்து கோட்டை மாட்டினோம்.

காலை ஆறு பத்து, நான்காம் தெரு.
கட்டடம் நின்றுகொண்டிருந்தது.
மூன்றாம் மாடி ஜன்னலில் சாம்பல் நிறப் பூனையொன்று
என்னையும் என் பேருந்தையும்
ஒரு பொருட்டாய் மதிக்காமல் பார்த்தது.
“நிறுத்தம் அடுத்த முனையில்தானே?” பின்னாலிருந்து ஒரு குரல்.
வழுக்குகிறது என்றேன்.

மூன்று வாரம் அந்தப் பாளம்
நான்காம் தெருவுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.
பிறகு ஜெரோம்தான் வரைபடத்தை விரித்தான்.
“என் மூடுபனி அதுக்கு அடியில போகுது.”
“பனிமூட்டம் பாளத்தைத் தாங்குமா?” என்றாள் கோர்லிஸ்.
“இந்த ஊர்ப் பனி தாங்கும். எத்தனை வேணும்?”

எது விழுந்தாலும் போதும் என்று
நாக்கு நுனி வரை வந்தது.
அவன் முகத்தைப் பார்த்து
பதினாறு என்றேன்.

தலையாட்டிவிட்டு
இரு கைக்குள்ளும் பகடையைப் பொத்திக்கொண்டான்.
குலுக்கினான்.
இன்னும் குலுக்கினான்.